மீட்டர் நோட்டும் சொட்டு நீலமும்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு பெண்ணின் வேலைக்கு நான் உலை வைத்தேன். அவள் சும்மா போகாமல் என்னிடம் வந்து சண்டை போட்டாள். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் ஆபீசில் நான் அசிஸ்டன்ட். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும், பி.காம். முடித்த முதல் ஆளும் நான்தான். நான் சேர்ந்தபோதுதான் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்திருந்தார்கள். அதுவரை லாரித் தண்ணீர்ச் செலவை எல்லோருக்கும் சமமாகப் பிரித்தார்கள். இனி ஓடின அளவுக்குத்தான் பில். தினமும் காலையில் ரீடிங் எடுத்து நோட்டில் எழுதுவேன். அதிகம் ஓடிய வீடுகளின் பில்லில் 'காரணம்' என்று ஒரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும்.

முதல் பில் தயாராகும்போதே மூன்றாம் மாடி மாமி ஆபீசுக்கு வந்துவிட்டார்.

"ஆத்துல நாங்க ரெண்டே பேர். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் லிட்டரா? எல்லாம் தேவி பண்றது. குழாயைத் திறந்து விட்டுண்டு போன் பேசிண்டிருப்பா."

தேவி அவர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். என் வயதுதான் இருக்கும். நான் எதையும் போய்ப் பார்க்கவில்லை. 'வேலைக்காரப் பெண் தண்ணீரை வீணாக்குகிறார்' என்று டைப் அடித்து பில்லைக் கொடுத்துவிட்டேன். அச்சில் வந்துவிட்டது; மாமிக்கு அது போதும்.

மறுநாள் தேவி அந்தத் தாளோடு வந்து நின்றாள்.

"வேலைக்கு வராதேன்னு மாமி சொல்லிட்டாங்க. இதுல இன்னா எழுதிக்கீற? நாலு பாத்திரம் கழுவ தொள்ளாயிரம் லிட்டரா? அதுல யானையவே குளிப்பாட்டலாமே! எங்க தெருவுல லாரி வந்தா ஆறு கொடம்தான். எனக்கா தண்ணி அருமை தெரியாது?"

என் மேசையில் இருந்த மீட்டர் நோட்டைக் காட்டினாள்.

"போன வாரம் ஜுரம்னு மூணு நாள் லீவு போட்டேன். அப்போ எவ்ளோ ஓடிச்சு? படிச்ச பொண்ணுதானே, பாத்துச் சொல்லு."

நோட்டைப் புரட்டினேன். 910, 880, 895. அவள் வந்த நாட்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எல்லாம் என் கையெழுத்து.

பிளம்பர் அண்ணனை அழைத்துக்கொண்டு மேலே போனேன். தேவியும் கூடவே வந்தாள். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டரின் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை மாமியிடம் வாங்கி, ஃபிளஷ் டேங்கில் நாலு சொட்டு விட்டார்.

"கொஞ்ச நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணாதீங்க."

பத்து நிமிடத்தில் கீழே பீங்கானில் நீலம் இறங்கியது. வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் ராப்பகலாகத் தண்ணீர் ஒழுகியிருக்கிறது.

மாமி அந்த நீலத்தையே பார்த்தார். "தேவி, தப்பு என்னோடதுடி. நாளைக்கு வந்துடு."

"நாளைக்கு இன்னா? இன்னிக்குப் பாத்திரமே அப்டியே கீது" என்று தேவி சமையலறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அடுத்த தபா நோட்டைப் பாத்துட்டு எழுது" என்றாள்.

அப்படித்தான் செய்கிறேன். நேரில் போய்ப் பார்க்கும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். என் டிராயரில் எப்போதும் ஒரு சொட்டு நீலம் பாட்டில் உண்டு.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தி.நகரில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கித்தான் அம்மா எனக்கு ஃபீஸ் கட்டியது. மீட்டரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு வேலையில இருக்கால்ல?"

"இருக்காம்மா."

அதற்குப் பிறகுதான் எனக்குத் தட்டு வைத்தாள்.