அப்பா நல்லவராக நடித்த வருஷம்

எங்கள் அப்பாவை போர்ட் பிளேரில் பலருக்குப் பிடிக்காது. அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்தவரில்லை. கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டர் வேலை, விட்டால் வீடு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை. கரப்பான் பூச்சியை அடிப்பதற்குக்கூட அம்மாவைத்தான் கூப்பிடுவார். ஆனால் மேடை ஏறினால் அவர்தான் வில்லன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நாடகக் குழு உண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த எங்கள் தாத்தாக்கள் ஆரம்பித்தது. காலித் தார் டிரம்களை நிறுத்தி, மேலே பலகை அடுக்கி, கிழிந்த தார்ப்பாயைத் திரையாகக் கட்டி முதல் நாடகம் போட்டார்களாம். நடுவில் ஒரு பலகை விலகி, ராஜாவாக நடித்தவர் டிரம்முக்குள் இறங்கிப்போய், மீதி வசனத்தை உள்ளே இருந்தபடியே பேசி முடித்தார் என்பது எங்கள் குழுவின் சரித்திரம். யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் வேலை, சாயங்காலம் ஒத்திகை. மழை விட்ட பிறகு வருஷத்துக்கு மூன்று நாடகம். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, தவக்காலம் தொடங்குமுன் ஒன்று. சுனாமிக்குப் பிறகு ஒரு பருவம் மட்டும் போடவில்லை. இப்போது ஊரின் பெயரே மாறிவிட்டது. மூன்று நாடகம் மாறவில்லை.

அந்த நாளில் நாடகம் எழுதி நடத்தியது சித்தப்பா. கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தார். அவர் எழுதும் நல்லவர்கள் நிறையப் பேசுவார்கள். பார்க்க வரும் கூட்டத்தில் வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். நல்லவன் பேசும் தமிழ் அவர்களுக்குப் புரியாது. கெட்டவன் செய்வது எல்லாருக்கும் புரியும். அதனால் அப்பா எல்லா பாஷையிலும் வசவு வாங்கினார்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், கிறிஸ்துமஸ் நாடகத்தில் அப்பா செத்துப்போன தம்பியின் மனைவியைக் கைக்குழந்தையோடு மழையில் தள்ளிக் கதவைச் சாத்தினார். அடுத்து பள்ளிக்கூடம் போனபோது, என் பக்கத்தில் உட்காரும் வங்காளிப் பெண் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மா சொல்லி அனுப்பினாளாம். நான் வீட்டுக்கு வந்து, சாப்பிட மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காரணம் கேட்டார்.

"ஒருக்கா நல்லவரா நடிங்கப்பா" என்றேன்.

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மறுபடி துடைத்தார். "சரிம்மா" என்றார். அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.

பொங்கல் நாடகத்தில் அப்பா, குடும்பத்துக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிற மூத்த அண்ணன். வில்லன் வேஷம் தெருமுனை மளிகைக் கடைக்காரருக்குப் போனது. எங்கள் அப்பா திருந்திவிட்டார், வந்து பார் என்று நானே போய் அந்த வங்காளிப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் தன் அம்மாவோடு வந்தாள்.

மேடையில் சீக்காளி அம்மாவுக்கு அப்பா டம்ளரில் மருந்து கொண்டுவந்தார். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "குடிக்காதீங்கம்மா, விஷம் கலந்திருப்பான்" என்றது. ஆமாம் ஆமாம் என்று கூட்டம் முழுக்க முணுமுணுத்தது. சீக்காளி அம்மாவாக நடித்தவளுக்கே சந்தேகம் வந்து, டம்ளரை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். அப்பா அழுதபோது ஜனங்கள் சிரித்தார்கள். மளிகைக் கடைக்காரர் வில்லச் சிரிப்பு சிரித்தபோது, பாவம், அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்றார்கள். கடைசியில் அப்பாவுக்கு மாலை போட்டுத் திரையும் விழுந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவருடைய சுயரூபம் இனிமேல்தான் தெரியும் என்று காத்திருந்தார்கள்.

நன்றாக இருந்ததா என்று அப்பா என்னிடம் கேட்டார். ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஜனங்களுக்குத்தான் நாடகம் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காலையில் முகம் மழிக்கும்போது அப்பா கண்ணாடி முன்னால் தன் வழக்கமான வில்லச் சிரிப்பைச் சிரித்துப் பார்ப்பதில்லை. அதைக் கேட்டுத் தினமும் குரைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நாயும் சும்மா படுத்துக்கிடந்தது.

ஒரு சாயங்காலம் சித்தப்பா நாடகக் குழுக்காரர்கள் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் பார்க்க வரவில்லை, என்னைப் பார்க்க. எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

"தவக்காலத்துக்கு முன்ன ஒரு நாடகம் பாக்கி இருக்கு. ஒங்க அப்பாவ இந்த ஒருக்கா மட்டும் கெட்டவனா விட்டுத் தருவியா?" என்றார் சித்தப்பா.

அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யோசித்து நிபந்தனை போட்டேன். குழந்தைகளைத் தள்ளக்கூடாது. கடைசியில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சித்தப்பா தலையைச் சொறிந்தார். மன்னிப்பைக் கொஞ்சம் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றேன்.

அந்த நாடகத்தில் அப்பா, கடலில் செத்துப்போன கூட்டாளியின் தோணியைத் தன்னுடையது என்று சாதித்து, அவன் பெண்சாதியைக் கரையை விட்டே விரட்டினார். மைதானம் கொதித்தது. யாரோ ஒரு செருப்பை எறிந்தார்கள். அப்பா அதைக் குனிந்து எடுத்து, தன் காலில் அளவு பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எங்கல?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. முடிவில் முழங்காலிட்டு, எனக்கு வாக்குக் கொடுத்தபடி மன்னிப்புக் கேட்டார். அதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அப்பாவோடு மீன் வாங்கப் போனேன். அபர்டீன் பஜாரை ஒட்டிய சந்தையில் ஒரு தெலுங்கு அம்மாவிடம்தான் வழக்கமாக வாங்குவோம். எங்களைக் கண்டதும் அவள் கூடையை ஈரச் சாக்கால் மூடினாள்.

"மச்லி நஹி ஹை" என்றாள். மீன் இல்லையாம். சாக்குக்கு வெளியே சூரை மீனின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் மன்னிப்பு கேட்டேனே" என்றார் அப்பா, மெதுவாக.

"மாஃபி கேட்டா ஆச்சா? தோணி இல்லாம அந்தப் பொண்ணு எப்படிப் பொழைக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நாடகம்தான், அப்பா நல்லவர் என்று விசும்பினேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

"நாடகம்னு தெரியும் மகளே. இருந்தாலும் இன்னிக்கு இவருக்கு மீன் கெடையாது. நாளைக்கு வா."

அப்பா காலிப் பையை வீசிக்கொண்டு நடந்தார். வழியில் முட்டை வாங்கினார். முட்டைக்காரரிடமும், எதிரே வந்த பட்டறைக்காரர்களிடமும், தனக்கு மீன் கிடைக்காததை நின்று சொன்னார். வீட்டில் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சித்தப்பா வந்து, முதலிலிருந்து சொல்லச் சொல்லி மறுபடி கேட்டார். ஒருத்தி மீன் தர மாட்டேன் என்று அவமானப்படுத்தியதில் இவர்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குக் கோபமாக வந்தது.

அன்று சாயங்கால ஜெபமாலை முடிந்து, ஆளுக்கொரு விண்ணப்பம் சொன்னோம். என் முறை வந்தபோது, மீன்கார அம்மாவின் மனசு இளகி அவள் அப்பாவை மன்னிக்க வேண்டும் என்று மாதாவிடம் உருக்கமாகக் கேட்டேன். அம்மா ஆமென் சொன்னாள். எல்லாருடைய விண்ணப்பத்துக்கும் சத்தமாக ஆமென் சொல்லும் அப்பாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கண்ணை மூடி, உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

பாவம், நாடக அலைச்சல், முழங்காலிட்டபடியே தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் சேர்த்து நானே ஆமென் சொன்னேன்.