அண்ணி வரைந்த பூனை

ஸ்டிக்கர் கடையில் பதினோரு வருடமாகப் பில் போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு திங்கட்கிழமை காலையில் டிசைனர் நாற்காலிக்கு ஆசைப்பட்டாள். அதில் உட்கார்ந்திருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டிருந்தான். முதலாளி அவளுக்குக் கொழுந்தன். ஆகவே மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம், அண்ணி. மிருக டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு ஒரு பூனை கேட்டிருக்காரு. நீங்களே வரைஞ்சு முடிச்சா நாற்காலி உங்களுது. இல்லன்னா ஆள் எடுத்துடுவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

கம்ப்யூட்டரில் கோட்டுப்படம் வரையும் வெக்டர் மென்பொருளில் அவள் நினைத்த மாதிரி பென்சிலை ஓட்டிவிட முடியவில்லை. புள்ளி வைக்க வேண்டும். புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடியை இழுத்தால் கோடு வளையும். பூனையின் முதுகுக்காக இழுத்தால் வால் வளைந்தது. வாலைச் சமாதானம் செய்தால் வயிறு கோபித்துக்கொண்டது. கூட்டுக்குடும்பத்தில் பத்தொன்பது வருடம் தள்ளியவளுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

செவ்வாய் மாலை, கல்லூரி விட்டு வந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா இந்தத் தலையணைக்கு மீசை வச்சது?"

"வாயை மூடிட்டுப் போடி."

இடது காதுதான் கடைசிவரை வம்பு செய்தது. எப்படி வரைந்தாலும் கொம்பாகவே முளைத்தது. வியாழனன்று அவள் ஒரு வெள்ளைக் கட்டம் வரைந்து அதன் மேல் போட்டாள். கொம்பைக் காணோம்! பக்கத்தில் புதுக் காது வைத்தாள். குறுக்குவழி தெரிந்த கை சும்மா இருக்குமா? கோணல் மீசைக்கு ஒரு வெள்ளை, தொப்பைக்கு ஒரு வெள்ளை. சாயங்காலம் பூனை திரையில் மாப்பிள்ளை மாதிரி நின்றது.

வெட்டும் மெஷினின் பிளேடுக்கு நிறம் தெரியாது. கோடு இருந்தால் வெட்டும். மறைத்ததையும் வெட்டும், மறைத்த கட்டத்தையும் வெட்டும். வெள்ளி காலை மெஷின்காரர் ஸ்டிக்கரை உரித்தார். பூனை துண்டு துண்டாகக் கையோடு வந்தது.

"காது மூணு இருக்கு மேடம். எதை ஒட்டட்டும்?"

கொழுந்தன் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து ஏதோ எண்ணைத் தேடினான். ஆள் பிடிக்கும் எண் என்பது அவளுக்குப் புரிந்தது.

"டாக்டர் எப்ப வராரு, தம்பி?"

"அஞ்சு மணிக்கு."

"அப்ப போனைக் கீழ வைங்க. பில்லைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

வெள்ளைக் கட்டங்கள் பதினான்கு இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தாள். தப்பான புள்ளியை மூடாமல் நீக்கினாள். பில் மேஜையில் கொழுந்தன் அதற்குள் கராத்தே வகுப்பு ஸ்டிக்கரைத் தையல்கடைக்காரரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, அவர் பின்னாலேயே ஓடினான்.

இந்த முறை மெஷினிலிருந்து பூனை ஒரே துண்டாக உரிந்து வந்தது. ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒரு காது சின்னதா இருக்கே?"

"சண்டை போடற பூனை, டாக்டர்."

"என்கிட்ட வர்றதெல்லாம் அந்த ரகம்தான்" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அவள் டிசைனர் நாற்காலியை விட்டு எழவில்லை. பில் மேஜையிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான். "அண்ணி, பல் டாக்டர் ஒருத்தர் வந்திருக்காரு. ஒரு பல்லு வரையணுமாம்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அளவு எழுதி வாங்கி வைங்க, தம்பி."

அவன் பேனாவைத் தேடினான்.