தொழுவத்தில் மாடு இல்லாத வசனம்

புதுவருஷக் காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் பாஸ்டரம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டு நிற்பார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் பைபிள் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க நமக்குக் கடவுள் தரும் வாக்கு. ஆசீர்வாதம், பெருக்கம் என்று வசனம் கிடைத்தவர்கள் அட்டையை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். அப்போது எங்களுக்கு அடி அண்ணாமலையில் ஒரு ஓட்டு வீடு, கொஞ்சம் வேர்க்கடலை நிலம், இரண்டு கறவை மாடுகள். எனக்குத் தளம் போட்ட மெத்தை வீடு வேண்டும். அதற்காக உபவாசம் இருந்து ஜெபித்துவிட்டு, தட்டில் நல்ல மூலையாகப் பார்த்துத்தான் எடுத்தேன். நிலம் விளையாமல் போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிற வசனம் வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இன்னொண்ணு எடுத்துக்கட்டுமாங்க?"

"ஏம்மா, இது என்ன லாட்டரி சீட்டா?" என்றார் பாஸ்டரம்மா.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் வீடு வரைக்கும் சிரித்தார். "மாட்டைப் பத்திரமா பாத்துக்க" என்று வேறு சொன்னார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. கடலை பூவோடு கருகியது. வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகாமல் இரண்டு மாடுகளையும் ஒரே நாளில் என் வீட்டுக்காரர் சந்தைக்கு ஓட்டிப்போனார். கயிறுகள் மட்டும் வீடு திரும்பின.

மறுநாள் விடிந்ததும் பழக்கதோஷத்தில் பால் வாளியோடு தொழுவத்துக்குப் போய்விட்டேன். வெறும் முளைக்குச்சிகள். உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்து, வந்ததற்குத் தொழுவத்தையாவது பெருக்குவோம் என்று துடைப்பத்தை எடுத்தேன். பால் கறக்கும்போது பாடுகிற ஸ்தோத்திரப் பாட்டு தானாக வாயில் வந்தது. இரண்டாவது சரணத்தில்தான் கவனித்தேன், நான் சந்தோஷமாக இருக்கிறேன். நானாக வரவழைத்துக்கொண்டதல்ல. எல்லாம் போன பிறகும் இயேசு என்னோடு அந்தத் தொழுவத்தில் இருந்தார். நான் வைத்திருந்ததிலேயே அந்தச் சந்தோஷம் ஒன்றுதான் மாட்டோடு வராதது, அதனால் மாட்டோடு போகவும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, மாட்டை வித்துட்டு பாட்டு பாடினு இருக்க?"

"மாடா எனக்குப் பாட்டு சொல்லிக் குடுத்துச்சு?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

பிறகு மழை வந்தது, மாடும் வந்தது. ரமணாசிரமம் பக்கம் காபிக் கடைகள் பெருகி, எங்கள் பாலுக்கு நல்ல கிராக்கி. இரண்டாயிரத்துக்குப் பிறகு மெத்தை வீடும் கட்டிவிட்டோம். வாசலில் கல்லில் ஒரு வசனம் பதிப்பது எங்கள் வழக்கம். நான் அந்தப் பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

கல்லில் எழுத்து வெட்டுகிறவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யம்மா, புது வீட்டு வாசல்ல 'இல்லாமல் போனாலும்'னு யாராச்சும் வைப்பாங்களா? மங்களமா ஒண்ணு சொல்லுங்க."

என் வீட்டுக்காரரும் தலையைச் சொறிந்தார். "வேற ஒண்ணு பாக்கலாமே?"

"ஏங்க, இது என்ன லாட்டரி சீட்டா?" என்றேன். "இந்த வீடு இல்லாதப்பவும் சந்தோஷமாத்தான் இருந்தேன். நாளைக்கு இது போனாலும் அப்படித்தான் இருப்பேன். அதை வாசல்ல எழுதிட்டுத்தான் உள்ள போவேன்."

எழுதித்தான் போனேன்.

எங்கள் வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறது. ஒரு பௌர்ணமி சாயங்காலம், மலை சுற்ற வந்த பெரியவர் ஒருவர் வாசலில் நின்று அந்தக் கல்லை எழுத்துக் கூட்டிப் படித்தார். "பாவம், இந்த வூட்ல மாடு இல்ல போலிருக்கு" என்று கூட வந்தவரிடம் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் என் மாடுகள் கத்தின. அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"மாடு இருக்குதுங்க" என்றேன். "சந்தோஷம்தான் அதால வரல."