யாரோ பதிந்த என் மின்னஞ்சல்

போர் உச்சத்தில் இருந்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஒரு காலை அலுவலகக் கணினியைத் திறந்தால், வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ்ச் செய்திக் குழுமத்தின் மின்னஞ்சல். 'இணைந்ததற்கு நன்றி' என்றிருந்தது. கீழே போர்ச் செய்திகள், படங்கள். நான் எதிலும் இணையவில்லை. அந்த வாரம்தான் எங்கள் ஒழுங்கையில் ஒரு தமிழ்ப் பெண்ணை விசாரணைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். ஏன் என்று எவருக்கும் தெரியாது.

அழித்தேன். மறுநாள் இன்னும் வந்தன. விலகுவதற்கு ஓர் இணைப்பு இருந்தது. அதை அழுத்தினால், நான் உறுப்பினராக இருந்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று விரல் தயங்கியது. தெரிந்தவர்களின் முகங்களையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தேன்.

கடைசியில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்று அழைப்பவரிடம், சொன்னேன்.

"நான் சேரேல்லை நானா. ஆரோ என்ர அட்ரஸைக் குடுத்திருக்கினம்."

"பயப்படாதீங்க தங்கச்சி, நான் எழுதுறேன்" என்றார். இந்தப் பெண் கேட்காமலே அவருடைய முகவரி சேர்க்கப்பட்டிருக்கிறது, உடனே நீக்குங்கள் என்று தன் பெயரிலேயே ஆங்கிலத்தில் எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

அன்று மத்தியானமே எங்கள் கட்டடத்தைப் பொலிஸார் சோதனையிட வந்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்த அதிகாரி, கணினியைக் காட்டி, "ஈமெயில் எக்க அரின்ன" என்று சிங்களத்தில் திறக்கச் சொன்னார். திறந்தேன். தமிழ்த் தலைப்புகள் வரிசையாக நின்றன. அவை என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களம் அதற்குப் போதாது; நானாவின் மேசைப் பக்கம் திரும்பினேன்.

நானா எழுந்து வந்தார். யாரோ செய்த வேலை இது என்று சிங்களத்தில் நிதானமாக விளக்கி, தான் எழுதியதைத் திறந்து காட்டினார். அதிகாரி அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு எங்கள் இருவரின் அடையாள அட்டை இலக்கங்களையும் குறித்துக்கொண்டு போனார்.

"உங்கட பேரையும் எழுதிக்கொண்டு போறாங்களே நானா!"

"தனியா ஒரு பேர் இருக்கிறதை விட ரெண்டு பேர் இருக்கிறது நல்லம்தானே" என்றார்.

பல நாட்கள் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே பொலிஸ்தான் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. குழுமத்தை நடத்தியவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவர்களுடைய இணையப் பக்கத்தில் யாரும் யாருடைய முகவரியையும் பதிந்துவிட முடிந்ததாம். இனி அந்த முகவரிக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உரியவர் சம்மதித்த பின்பே சேர்ப்பார்களாம். என்னைச் சேர்த்தது யார், பகையா விளையாட்டா என்பது இன்றுவரை தெரியாது.

இப்போது எங்கள் பழைய மாணவிகள் சங்கத்தின் செய்தி மடலை நான்தான் அனுப்புகிறேன். எந்தப் பெயர் வந்தாலும் முதலில் அவருக்கே எழுதிச் சம்மதம் கேட்பேன். "பேரைத் தந்தால் சேர்த்துவிட வேண்டியதுதானே, பிறகு எதுக்கு இன்னொருக்காக் கேக்கிறீர்?" என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். ஒருவருடைய பெயரை அவரைக் கேட்காமல் எங்கேயாவது எழுதிவிட்டால், அதற்கான விலையை அவர் எந்த வாசலில் நின்று கொடுக்க வேண்டிவரும் என்று நமக்குத் தெரியாதே.