தனி மீற்றர்

என் மூச்சுக்கு மருமகன் வைத்த பெயர் ‘லோட்’. வீட்டுக்குச் சோலார் போடுவதென்று அவர் தீர்மானித்த நாளிலிருந்து அந்தப் பெயர்தான். நெல் ஆலையில் வேலை செய்து ஆயுள் முழுக்க உமித்தூசி தின்ற சுவாசப்பை என்னுடையது. ஒட்சிசன் மெசினின் குழாய் மூக்கில் இல்லாவிட்டால் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் எனக்குச் சீவன் போய்விடும். மெசின் இரவும் பகலும் ஓடவேண்டும். அது ஓடினால் மீற்றரும் ஓடும்.

மகளும் மருமகனும் இருப்பது முன்வீட்டில். அதை நான்தான் கட்டினேன். மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் பின்பக்கம் ஒட்டினாற்போல ஓர் அறையும் விறாந்தையும் இறக்கிக்கொண்டு வந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. குசினியும் ஒன்று, மீற்றரும் ஒன்று.

மருமகன் பனிச்சங்கேணியில் இறால் எடுத்து வந்து, வீட்டில் பெரிய பிறீசரில் வைத்து விற்கிறவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், அது அதைவிட மோசம்.

கரண்ட் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஓர் எல்லையைத் தாண்டினால் யூனிட்டின் விலையும் கூடும், எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்டவேண்டிய நிலையான கட்டணமும் துள்ளும். பிறீசரும் என் மெசினும் சேர்ந்து எங்களை ஒவ்வொரு மாதமும் மேல்படியில் கொண்டுபோய் நிறுத்தின. சோலாரை நிறையப் போட்டு மிச்சத்தை விற்கலாமென்றால், பகல் வெயிலில் நாங்கள் கொடுக்கும் கரண்டுக்கு அற்ப விலை. பொழுதுபட்ட பிறகு நாங்கள் வாங்கினால் யானை விலை, குதிரை விலை. ஆகவே பகலில் பற்றரியில் பிடித்து வைத்து இரவில் எரிப்பதென்று முடிவானது. பெரிய பற்றரி வாங்க வசதியில்லை, சின்னதுதான்.

சோலார் போடுகிறவர் வந்து, “கரண்ட் போனா பற்றரியில என்னென்ன ஓடவேணும்?” என்று கேட்டார். நான் நடுக்கதவடியில் கதிரையில் இருந்தேன். மருமகன் பிறீசர் என்றார். மகள் பேன் என்றாள், பிள்ளை படிக்க லைற் என்றாள், வைபை என்றாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்கள்.

“மாமாட லோட் பெரிசு,” என்றார் மருமகன். “அதையும் போட்டா இரவைக்குப் பற்றரி காணாது. பின்வீட்டுக்குத் தனி மீற்றர் எடுப்பம். பிரிஞ்சா ரெண்டு பில்லும் கீழ்ப்படியில நிக்கும்.”

“அப்ப, கரண்ட் போனா?” என்று என் மனைவி கேட்டாள்.

“நான் ஒரு வயர் இழுத்துத் தாறன் மாமி. கதவு கிடக்குத்தானே.”

தலை நரைத்த பிறகு தனிக்குடித்தனம் போகிற பாக்கியம் எனக்கு வாய்த்தது.

ஒரே குடும்பத்துக்கு இரண்டாவது மீற்றர் சும்மா தரமாட்டார்கள் என்று யாரோ மருமகனுக்குச் சொல்லியிருந்தார்கள். தனி வாசல் வேண்டுமாம், தனிக் குசினி வேண்டுமாம், வேறு ஆட்கள் இருக்கவேண்டுமாம். நடுக்கதவைக் கழற்றி, சீமெந்துக் கல் வைத்துக் கட்டிப் பூசினார்கள். எங்கள் விறாந்தைக்கு ஒரு காஸ் அடுப்பு வந்தது. மனைவி மகளைப் பார்க்கக் கிணற்றடியைச் சுற்றிப் போகத் தொடங்கினாள்.

கரண்ட் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் வந்தார். மரியாதை தெரிந்த இளந்தாரி. என்னையும் மனைவியையும் காட்டி, “இவங்க ஆரு?” என்று கேட்டார். மருமகன் தொண்டையைக் கனைத்தார். மகள்தான் சொன்னாள்.

“வாடகைக்கு இரிக்கிறாக்கள், சேர்.”

சின்ன வயதில் பொய் சொன்னால் அவளுக்கு விக்கல் வரும். பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு வந்தது கோபம் இல்லை, வெறுப்பு. பெற்ற பிள்ளையை வெறுக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயைத் திறந்தால் மீற்றர் கிடைக்காது. பின்வீட்டுக்குத் தனி மீற்றர் வந்தது.

முன்வீட்டுக் கூரையில் மாமர நிழல். என் கூரையில்தான் நாள் முழுக்க வெயில். ஆகவே சோலார்த் தகடுகள் எல்லாம் என் தலைக்கு மேலே வந்தன, வயர் மட்டும் முன்வீட்டுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து, அவசரத்துக்கு வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டரும் முடிந்திருந்தது. “பற்றரி வந்திட்டுத்தானே மாமா, ஆறுதலா நிரப்புவம்,” என்றார் மருமகன். யாருடைய பற்றரி என்று நான் கேட்கவில்லை.

சோலாருக்கான புது மீற்றரைப் பூட்ட அதே உத்தியோகத்தர் ஒரு மத்தியானம் வந்தார். ரோட்டுப் போஸ்டில் பியூஸைக் கழற்றவேண்டும், கொஞ்ச நேரம் இரண்டு வீட்டுக்கும் கரண்ட் இராது என்றார். முன்வீட்டில் ஓம் என்றார்கள். பின்வீட்டில் ஒரு மெசின் ஓடுகிறது என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மெசின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அமுக்கினார்கள். மனைவி கத்திக்கொண்டு கிணற்றடியைச் சுற்றி ஓடினாள். மருமகன் வயரோடு வந்தார், சொன்ன சொல் தவறாத மனிதர். முன்வீட்டு ஜன்னலில் தொடங்கி, சுவரைச் சுற்றி வளைத்து, என் வாசலுக்கு வருமுன்னமே வயர் முடிந்துவிட்டது. கதவு இருந்திருந்தால் எட்டியிருக்கும்.

“காணாது, மாமா,” என்றார் என்னிடம், நான் ஏதோ வயர்க் கடை வைத்திருப்பதுபோல. கூரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

வயர் வராததால் நான் போனேன். மெசினையும் என்னையும் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் முன்வீட்டு மண்டபத்தில், பிறீசருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். இரண்டையும் சேர்த்துப் பற்றரி தாங்காது. மருமகன் பிறீசர் மூடியைத் திறந்து இறாலை ஒரு தரம் பார்த்துவிட்டு, அதன் பிளக்கைப் பிடுங்கி மெசினின் பிளக்கைக் குத்தினார். மெல்ல மெல்ல மூச்சு வந்தது. மகள் துவாயால் என் முகத்தைத் துடைத்தாள்.

“அப்...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். சத்தம் கேட்டு உத்தியோகத்தர் வாசலுக்கு வந்திருந்தார்.

“ஐயாக்கு ஏலாது, சேர்,” என்றாள். “பின்வீட்டில வாடகைக்கு இரிக்கிறவர்.”

அவர் உருகிப்போனார். “சொந்தத் தகப்பனையே இப்பிடிப் பார்க்கிறாக்கள் இல்ல, அக்கா,” என்றவர் குனிந்து என் கையைத் தொட்டார். “ஐயா, நீங்க குடுத்து வச்சவர்.”

நான் கட்டிய சுவரை, நான் வைத்த ஜன்னலை ஒரு தரம் பார்த்தேன்.

“ஓம், தம்பி,” என்றேன். “குடுத்துத்தான் வச்சன்.”

மகளுக்கு விக்கல் பிடித்தது. மருமகன் பிறீசரைப் பார்த்துக்கொண்டு, “வேலை முடிய இன்னும் கன நேரம் எடுக்குமா, சேர்?” என்று கேட்டார்.