சட்டைக் காலரில் காக்கலோரம்

என் மச்சினன் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் போலிருப்பான். அப்படிப்பட்ட ஆள்களைத்தான் நான் நம்புவதே இல்லை.

இங்கிலீஷ் அகராதி போடும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். அதை மூடியதும் என் மனைவி தம்பியைக் கையோடு கூட்டிவந்து என் லாண்டரியில் நிறுத்திவிட்டாள். கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. கடைக்குப் பின்னாலிருந்த அறையில் படுத்துக்கொண்டான். இஸ்திரி போடச் சொன்னால் சட்டையைக் கருக்கினான். சரி, தொலையட்டும் என்று துணிக்குக் குறி போடும் வேலையைக் கொடுத்தேன்.

வெள்ளை நாடாவில் அழியாத மையால் எண் எழுதி, காலருக்குள் தைக்க வேண்டும். எங்கள் ஆள்கள் நாடாவைத் தலைகீழாகப் பார்த்து ஆறை ஒன்பதாக்கி, ஒருவர் சட்டையை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவன் எண்ணை விட்டுவிட்டு ஆளுக்கொரு இங்கிலீஷ் சொல் எழுத ஆரம்பித்தான். துணி மாறுவது நின்றேபோனது. எனக்கு அதுதான் இடித்தது. ஒரு பொல்லாப்பும் இல்லாமல் ஒரு வேலை இவ்வளவு சுத்தமாக நடக்குமா?

"என்ன எழவுடா இதெல்லாம்?"

"பழைய சொல்லுங்க அத்தான். இப்ப யாரும் பேசறதில்ல."

யாரும் பேசாத சொல்லை எதற்கு எழுத வேண்டும்? அதிலும் அவன் எழுதுகிற விதம் இருக்கிறதே! வந்தவரைத் துணி அடுக்குக்குப் பின்னாலிருந்து நோட்டம் விடுவான், தனக்குத்தானே சிரிப்பான், பிறகுதான் பேனாவைத் திறப்பான்.

யாருக்கும் தெரியாமல் இரண்டு நாடாக்களைப் பிரித்தெடுத்துப் போய் மகளின் போனில் பார்க்கச் சொன்னேன். லாட்ஜ் மேனேஜருக்கு 'குரோக்'. அடுத்தவர் சாப்பிடுவதையே ஆசையாக வெறித்துப் பார்ப்பவராம். மரச்சாமான் கடை முதலாளிக்கு 'காக்கலோரம்'. ஆள் சின்னது, தன்னைப் பற்றிய நினைப்பு மட்டும் மலையளவு என்று அர்த்தமாம்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா அச்சு அசலா எழுதியிருக்காருப்பா!"

"சிரிக்காத. நம்ம சோத்துல மண்ணு விழப்போகுது."

சும்மா சொல்லவில்லை. அந்த முதலாளியின் கடைத் திரைகளும் சோபா உறைகளும்தான் எங்களுக்குப் பாதி வேலை. என் மனைவியோ, "ஊர்ல எல்லாரையும் சந்தேகப்படறீங்க, இப்ப என் தம்பியுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் அவனை நிறுத்திவிடுவது என்ற முடிவோடு கடையைத் திறந்தேன். எனக்கு முன்னால் அந்த முதலாளியே வாசலில் நின்றார். முன்பே துவைத்து அனுப்பிய வேறொரு சட்டையின் காலரைப் புரட்டிப் பிடித்திருந்தார்.

"இது என்னய்யா, காக்கலோரம்? என் பேரு இது இல்லையே?"

"பெரிய மனுஷர்னு அர்த்தம் சார்" என்று அவசரமாகச் சொல்லிவைத்தேன்.

"இல்ல சார்" என்றான் மச்சினன், துணி அடுக்குக்குப் பின்னாலிருந்து. நான் கண்ணைக் காட்டினேன், பல்லைக் கடித்தேன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "உருவம் சின்னதா, நினைப்பு பெருசா இருக்கறவங்களச் சொல்றது."

அவர் முகம் சிவந்துவிட்டது. மூட்டை மூட்டையாக உறைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"உனக்கு மூளை கீளை இருக்காடா மாப்ளே? ஒரு பொய் சொன்னா குறைஞ்சா போவே?"

"வேற எதுலயாவது சொல்லிடுவேன் அத்தான். சொல்லுக்குத் தப்பா அர்த்தம் சொல்ல மட்டும் வாய் வரமாட்டேங்குது." பேனாவை மூடிவைத்தான். "அவர் கேட்டாரு, சொன்னேன். நீங்க ஒரு நாளும் அர்த்தம் கேக்கலையே."

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லைதான். திருட்டுத்தனமாக நாடாவைப் பிரித்தது நான். பிழைப்பு போகும் என்று தெரிந்தும் பொய் வராத ஒருவனை முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

அவனை நிறுத்தவில்லை. நாடாவில் இனி எண்தான், ஆறுக்கு அடியில் கோடு போடு என்று சொல்லிவிட்டேன். அரைஞாணிலிருந்து கடைச் சாவியை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன். அதை நான் பெண்டாட்டியிடம்கூடக் கொடுத்ததில்லை.

"எதுக்கு அத்தான்?" என்று அவன்தான் இப்போது என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.