சாமி தட்டிய மேடு

குழந்தைவேல் செருப்பைக் கழற்றி ஐந்து மாதம் ஆயிற்று. ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், மலைக்கிராமமான பள்ளங்கியில் வீட்டின் பின்மேடு சரிந்து அவர் மனைவி வடிவை மாட்டுக்கொட்டத்தோடு சேர்த்து மூடியது. அன்று கழற்றியது. மார்கழிப் பனியிலும் வெறுங்கால், பூண்டு வயலிலும் வெறுங்கால்.

"சாமி குத்தம். ஒரு வருசம் நடந்துதான் தீக்கணும்" என்பார். என்ன குத்தம் என்று யாராவது கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

பங்குனி பிறந்ததும் பக்கத்து வீட்டுக் கந்தவேல் கோயம்புத்தூருக்குப் போன் செய்தார். அங்கேதான் குழந்தைவேலின் மகள் சுகன்யா வேலை பார்க்கிறாள். கட்டடம் எழும்புமுன் அடியிலுள்ள மண்ணைச் சோதித்துச் சொல்லும் பொறியாளர்.

"தாயி, ஒங்கப்பன் காலு நாத்தம் எடுக்குது. சொன்னா எனக்கே பிரசங்கம் பண்றான். வெரசா வந்து சேரு."

வந்து பார்த்தாள். வலது பெருவிரலுக்கு அடியில் சுண்டைக்காய் நுழையும் அளவுக்குப் புண். ஓரம் கறுத்திருந்தது. சர்க்கரை நோய் அவருக்குப் பத்து வருடமாக உண்டு. பத்து நாளுக்குள் ஆஸ்பத்திரியில் சேராவிட்டால் விரலோடு நிற்காது என்று டாக்டர் சொல்லி, அதிலும் நாலு நாள் போயிருந்தது.

"ஜீப் சொல்லிட்டேன். கெளம்புங்கப்பா."

"ஐப்பசி வரட்டும்."

"ஐப்பசிக்குக் கால் இருக்காது."

"சாமிக்கு வேணும்னா எடுத்துக்கட்டும்."

சுகன்யாவால் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். வாசலைக் கூட்டினாள். பையிலிருந்து போனை எடுத்தாள், பார்க்காமலே உள்ளே வைத்தாள்.

குழந்தைவேல் அப்படித்தான். அறுபத்திரண்டு வயது வரை பள்ளங்கியை விட்டு வேறு எங்கும் பிழைத்ததில்லை. நாலு தட்டு வயல், அதில் பூண்டு. மற்ற விஷயத்தில் யாரும் அவரை வளைத்துவிடலாம். சாமி விஷயத்தில் முடியாது. சுகன்யாவுக்குப் பத்து வயதில், படைக்க வைத்திருந்த வாழைப்பழத்தை ஒரு கடி கடித்துவிட்டாள். கருப்பசாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அரை மணி நேரம் அழுதுகொண்டே நின்றாள். "சும்மா நிக்கிறது கணக்குல வராது. என்ன செஞ்சேன்னு வாய்விட்டுச் சொல்லு. சொன்னாத்தான் சாமி விடும்" என்றார். சொன்னாள். உடனே தூக்கித் தோளில் உட்கார வைத்து, நொண்டிக் குதிரை மாதிரி ஆடிக்கொண்டே வீடு வரை வந்தார்.

மேட்டைச் சரித்தது மூன்று நாள் மழை, சாமியல்ல என்று கணக்குப் போட்டுக் காட்டினால் மசிவார் என்று நினைத்தாள். படிப்பின் மேல் அவருக்கு மரியாதை உண்டு.

மழையாக இருக்கவேண்டும் என்பது அவளுக்கும் தேவையாக இருந்தது. புரட்டாசியில் அம்மா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கொட்டத்துக்குப் பின்னால் மண்சுவர் ஈரமாக இருந்தது. "மழையே இல்ல, சுவரு நனைஞ்சே கெடக்கு பாப்பா. வந்து பாரேன்" என்று கூடவே குரல் பதிவு. தீபாவளிக்கு வந்து பார்க்கிறேன் என்று சுகன்யா பதில் போட்டாள். மண்ணைப் பார்ப்பதுதான் அவள் சோலி. அந்தப் போட்டோவைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சரிந்த மேட்டுக்கு யாரும் போவதில்லை. குழந்தைவேல் சுற்றிலும் மஞ்சள் துணி கட்டியிருந்தார். சாமி தட்டிய இடம், மிதிக்கக் கூடாது. ஊரே கட்டுப்பட்டது, ஆட்டை ஓட்டுபவர்கள்கூட விலகித்தான் போனார்கள்.

அவர் வயலுக்குப் போனதும் சுகன்யா துணியைத் தாண்டி ஏறினாள். உன்னிச்செடியைப் பிடித்துப் பிடித்து உச்சி விளிம்புக்குப் போனாள். வெட்டிய கேக் மாதிரி மண் செங்குத்தாக நின்றது. எல்லாம் சிவப்பு. ஓரிடத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்குச் சாம்பல் நிறம், நாக்கு மாதிரி கீழே இறங்கியது.

சிவப்பு மண் சாம்பலாக மாற மூன்று நாள் மழை போதாது. காற்றுப் படாமல் மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறவேண்டும்.

சாம்பல் தொடங்கும் இடத்தில் ஒரு கருப்பு ஓஸ் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. முழங்கை ஆழத்தில் புதைத்தது. முனையில் சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றிய கட்டு. அந்தக் கட்டை அவளுக்குத் தெரியும். வீட்டில் ஒழுகும் எல்லாவற்றுக்கும் அப்பா போடும் கட்டு, கடைசிச் சுற்றை உள்ளே செருகி.

மேலே இருக்கும் ஊற்று கந்தவேல், பொன்னுவேல் உட்பட நாலு குடும்பத்துக்குப் பொது. ஆளுக்கொரு நாள் முறை. போன வருடம் கந்தவேலின் தொட்டி நிரம்பவில்லை. யாரோ திருட்டுத்தனமாக ஓஸ் போட்டிருக்கிறார்கள் என்று அவர் கத்த, ஆடியில் நாலு பேரும் கருப்பசாமி முன்னால் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அம்மா அன்று போனில் பெருமையாகச் சொன்னாள்: "ஒங்கப்பாதான் மொதல்ல அணைச்சாரு."

சுகன்யா ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு இறங்கினாள். மஞ்சள் துணியைப் பார்க்கப் பார்க்க எரிந்தது. அது பக்தியா, மறைப்பா?

குழந்தைவேல் திரும்பி வந்து பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கட்டியை அவர் முன்னால் வைத்தாள். பாதி சிவப்பு, பாதி சாம்பல்.

"மிதிக்காதன்னு சொன்னேன்ல."

"இது மழையில ஆன நெறம் இல்லப்பா."

"தெரியும்."

அவர் கை பூண்டை விடவில்லை. "மேடு சரிஞ்ச மறுநாளு வெள்ளனே போயிப் பாத்தேன். கட்டு விட்டுருந்துச்சு. நான் போட்ட கட்டு. வைகாசியில பூண்டு கருகிக் கெடந்துச்சு, ஒரு வாரத்துக்குன்னுதான் புதைச்சேன். ஒங்கம்மாவுக்குத் தெரியாது."

"அப்ப சாமி குத்தம்னு துணியக் கட்டினது மறைக்கத்தானே?"

"மறைக்கவுந்தான்" என்றார். ஒரு பூண்டை எடுத்து ஒதுக்கிப் போட்டார். "தண்ணி செஞ்சுச்சுன்னு சொன்னா நான் யார்ட்டத்தான் போயி நிக்க? சாமின்னா அடிக்கும். அடிச்சு முடிச்சா விடும்."

கணக்கெல்லாம் சுகன்யாவின் வாய் வரை வந்து நின்றுவிட்டது. தண்ணீரின் கனம், மண்ணின் பிடிப்பு, சரிவின் கோணம். எதைச் சொன்னாலும் அது இந்த மனிதரை இன்னும் ஆழமாகப் புதைக்கும். எழுந்தாள், கதவு வரை போனாள், திரும்பினாள்.

"வாழைப்பழத்துக்கு என்னைய நிறுத்தினீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவர் நிமிர்ந்தார்.

"சும்மா நிக்கிறது கணக்குல வராதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அஞ்சு மாசமாச் சும்மா நடக்குறீங்க. என்ன செஞ்சேன்னு யார்ட்டயும் சொல்லல. இதுவும் கணக்குல வராதுப்பா. காலே போனாலும் வராது."

குழந்தைவேல் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார்.

"கந்தவேலக் கோயிலுக்கு வரச் சொல்லு" என்றார். "காலையில."

காலையில் மேட்டுக்குப் போய் ஓஸை உருவி எடுத்தார்கள். சுகன்யா அதைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் முன்னால் நொண்டிக்கொண்டு போனார். கருப்பசாமி பீடத்தடியில் கந்தவேல் பல்குச்சியோடு நின்றார்.

"என்ன மாப்ள, காலங்காத்தால பஞ்சாயத்து? பொண்ணு கல்யாணமா?"

குழந்தைவேல் ஓஸை வாங்கிச் சாமி முன்னால் போட்டார். "மச்சான், தண்ணிய எடுத்தது நான்தான். இதுல ஒழுகித்தான் மேடு எறங்கிருக்கு."

கந்தவேல் பல்குச்சியை எறிந்தார். "நீதானலே மொதல்ல சூடத்த அணைச்ச?"

"ஆமா."

"ஒன்ன நம்பித்தானலே பொன்னுவேலத் திருடன்னு ஏசுனேன்! அவன் இன்னைக்கு வரைக்கும் எம்மூஞ்சியில முழிக்கிறதில்ல." ஓஸை ஓங்கி மிதித்தார். மறுபடி மிதித்தார். "வடிவு எனக்குத் தங்கச்சி முறைலே" என்றவர் பீடத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தைவேல் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல யாருமில்லை.

கடைசியில் கந்தவேல் மூக்கைச் சிந்திவிட்டு அந்தக் காலைப் பார்த்தார். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. வந்து பொன்னுவேலு வாசல்ல நீயே நின்னு சொல்லணும். ரெண்டு காலுல வரணும். நொண்டிக்கிட்டுப் போனா அந்தக் கிறுக்கன் எரக்கப்பட்டு விட்டுருவான். அது கூடாது."

"சரி மச்சான்."

"மச்சான்னு சொல்லாதலே இப்ப" என்றார் கந்தவேல். ஆனால் ஜீப்பில் ஏற்றும்போது அவர்தான் காலைத் தாங்கிப் பிடித்தார்.

ஜீப் டவுனுக்கு ஏறியது. அவருடைய பழைய செருப்பைச் சுகன்யா பையில் எடுத்து வந்திருந்தாள். அவர் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இரண்டு வளைவு தாண்டியதும் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"புரட்டாசியில அம்மா அனுப்புச்சு. சுவரு ஈரமா இருக்கு, வந்து பாருன்னுச்சு. தீபாவளிக்கு வர்றேன்னுட்டேன். பாத்தவுடனே தெரிஞ்சிருக்கணும்பா எனக்கு."

குழந்தைவேல் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கண்ணை இடுக்கினார். உன் தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. ஈரச் சுவரைப் பார்த்தார். பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்க பாரு. அவ வெரலு."

மூலையில் மங்கலாக ஒரு பெருவிரல். பூண்டு உரித்து உரித்து நகம் பிளந்த விரல்.

"எத்தன தடவ சொல்லிருப்பேன், வெரல எடுத்துட்டுப் புடின்னு."

திரை இருண்டது. "அணைஞ்சு போச்சு" என்று நீட்டினார். அவள் தொட்டுக் கொடுத்தாள். டவுன் வருவதற்குள் இன்னும் நாலு தடவை நீட்டினார்.